லக்கேஜு காதுக்குப் போன சேதிகள்

நோவா ஒரே ஒரு பேழையை வைத்துக்கொண்டு நாற்பது நாள் மழையைச் சமாளித்ததை பைபிளில் நாலு அதிகாரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக்சிலியா பேழையே இல்லாமல் ஒன்பது வருடமாகச் சமாளிக்கிறாள். அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. நோவாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். ஆக்சிலியாவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. நோவாவிடம் வந்த மிருகங்கள் ஜோடி ஜோடியாக, கைகால் நல்லபடியாக, தாங்களாகவே நடந்து வந்து ஏறின. ஆக்சிலியாவிடம் வந்ததில் ஒழுங்காக நடந்து வந்தது ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, நோவாவுக்கு மார்பில் கட்டி வந்ததாக எங்கேயும் எழுதவில்லை. ஆகவே உலகம் உண்டான நாளிலிருந்து இன்றுவரை மிருகங்களைக் காப்பாற்றியவர்களில் முதலிடம் பாப்பிரெட்டிப்பட்டி தாலுக்காவுக்குத்தான். இரண்டாம் இடத்தை வேண்டுமானால் நோவா வைத்துக்கொள்ளட்டும்.

ஆக்சிலியாவுக்கு நாற்பத்தேழு வயது. புளி தட்டுகிற வேலை. மாசி பிறந்தால் வியாபாரி மூட்டை மூட்டையாகப் புளியம்பழத்தைக் கொண்டுவந்து வாசலில் இறக்குவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக் கொடுத்தால் கூலி. கட்டிக்கொண்டவன் கல்யாணமான மூன்றாம் வருடம் பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் போனான். பனியனோடு பனியனாக அவனையும் மடித்து எங்கேயோ ஏற்றுமதி செய்துவிட்டார்கள் போலிருக்கிறது, திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் அண்ணன் வீட்டை ஒட்டினாற்போல் ஓர் ஓட்டு வீடு, பின்னால் முள்வேலி கட்டிய கொல்லை. அந்தக் கொல்லையில் நாலு நாய். அதில் ஒன்று பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டுதான் நகரும். ஒற்றைக்கண் பூனை ஒன்று. செங்கல் சூளைக்காரர்கள் இனி உதவாது என்று ரோட்டில் விட்டுப்போன கிழட்டுக் கழுதை ஒன்று.

இவர்களுக்கெல்லாம் மேலே லக்கேஜு.

மூன்று வருடத்துக்கு முன்பு மஞ்சவாடி கணவாயில் ஆடு ஏற்றிவந்த வண்டி ஒன்று கவிழ்ந்து, முன்னும் பின்னும் பஸ்ஸெல்லாம் நின்றுபோனது. நல்ல ஆடுகளை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். முன்னங்கால் நசுங்கிய பெட்டைக்குட்டி ஒன்றை மட்டும் புதர் ஓரம் போட்டுவிட்டார்கள். சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆக்சிலியா பஸ்ஸிலிருந்து இறங்கினாள், முந்தானையில் சுற்றினாள், ஏறி வந்து உட்கார்ந்தாள்.

“மடியில என்னம்மா?” என்றார் கண்டக்டர்.

“கொழந்தைங்க.”

குழந்தை “மே” என்றது. கண்டக்டர் ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அந்த டிக்கெட்டில் என்ன இருந்ததோ அதுவே பெயராகிவிட்டது. நசுங்கிய காலை மாட்டு டாக்டர் எடுத்துவிட்டார். மிச்சமிருந்த மூன்று காலில் லக்கேஜு நடப்பதைப் பார்த்தால் யாரோ அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுபோல இருக்கும்; ஓர் எட்டு வைப்பாள், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி ஓர் எட்டு. ஆக்சிலியா புளி தட்டும்போது அவள் இடது பக்கம் வந்து நின்று, தாடையைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொள்வாள். மணிக்கணக்காக அப்படியே நிற்பாள். அடுப்படியில் அம்மிக்குழவியைச் சாய்த்து வைப்பதுபோல அந்தத் தலையை அங்கே சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் வேலையைப் பார்ப்பார்கள். ஒருத்தி புளியைத் தட்டுவாள், ஒருத்தி அசைபோடுவாள்.

பக்கத்து வீட்டில் அண்ணன் அருள்பிரகாஷ், அண்ணி ஞானமேரி, அவர்கள் மகள் சில்வியா. சில்வியாவுக்குப் பதினேழு வயது. பிளஸ் ஒன்னில் கணக்குப் பாடம் அவளைக் கைவிட்டது, பதிலுக்கு அவள் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டாள். ஹெட்மாஸ்டர் குரலில் பேசி ஒரு வகுப்பையே மதியம் வீட்டுக்கு அனுப்பியது அவளுடைய கல்விச் சாதனை. இதை எழுதுகிறவளும் அவள்தான். ஆகவே அவளைப் பற்றிக் கெட்டதாக ஏதாவது வந்தால் முழுசாக நம்பலாம். நல்லதாக வந்தால் பாதியைக் கழித்துக்கொள்ளவும்.

போன கார்த்திகையில் குளிக்கும்போது ஆக்சிலியா அத்தையின் கைக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இருபது நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாய்க்கு ஒரு புண் வந்தால் அன்றைக்கே மஞ்சள் குழைக்கிறவள், தன்னுடையதை ரவிக்கைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள். கடைசியில் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்பு ஆபரேஷன் என்றார்கள். கூட இருக்க அருள்பிரகாஷ் போனார்.

ஆபரேஷன் நடந்த காலையில் ஞானமேரி ஊர்க் கோயிலில் வனத்து அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டாள். அந்தோணியார் ஆடுமாடுகளுக்கு உரிய சாமி. தை மாதம் அவர் திருவிழாவில் ஊரே மாட்டைக் குளிப்பாட்டி ஓட்டிவரும். ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். நேர்ந்துவிட்ட ஆட்டையும் கோழியையும் பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஞானமேரி கோழி நேர்ந்திருக்கலாம். நேரவில்லை.

“கோழி குடுத்தா கோழி அளவுக்குத்தான் காது குடுப்பாரு,” என்றாள் வீட்டுக்கு வந்து. “ஆக்சிலிக்கு உசுரு எதுமேல இருக்குதோ அதக் குடுத்தாத்தான் அவருக்கு மனசு எறங்கும். லக்கேஜ நேர்ந்துட்டேன்.”

“அம்மா, அத்தை வந்து கேட்டா?”

“கேக்கறதுக்கு அவ மொதல்ல வரணுமில்ல?”

சில்வியா எப்போதும் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள்: விளையாடினாள். திருவிழாவன்று லக்கேஜு கொம்புக்கு ரோஸ் நெயில் பாலிஷ் அடித்தாள். கழுத்தில் சாமந்தி மாலை. அது போதாதென்று தன் கூலிங்கிளாசை எடுத்து நூல் கட்டி மாட்டினாள். மூன்று காலில் ஓர் ஆடு கண்ணாடி போட்டுக்கொண்டு பீடத்தருகே நிற்பதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஃபாதரே தீர்த்தம் தெளிக்க வந்தவர் ஒரு நிமிடம் கையை இறக்கிவிட்டார். சிரிப்பில் ஏலம் சூடுபிடித்தது. டி.வி.எஸ். எக்செல்லில் வந்திருந்த ஒருவர் எடுத்தார்.

“எந்த ஊருங்க?” என்று கேட்டாள் சில்வியா, கயிற்றைக் கொடுக்கும்போது.

“கம்பைநல்லூரு.”

அவர் லக்கேஜை முன்னால் நிறுத்தி இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அது திரும்பிப் பார்த்ததா இல்லையா என்று சில்வியாவுக்குத் தெரியாது. தலை இந்தப் பக்கம் திரும்பியது, வாஸ்தவம். ஆனால் கண்ணாடி போட்டிருந்ததால் எங்கே பார்த்தது என்று சொல்ல முடியவில்லை.

பத்து நாள் கழித்து அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். பாதி ஆளாகியிருந்தாள். வீட்டுக்குள் போகவில்லை, நேரே கொல்லைக்குப் போனாள். நாய்கள் மேலே விழுந்து நக்கின, கழுதை காதை ஆட்டியது. அத்தை இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“லக்கேஜு எங்க?”

ஞானமேரி சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, “ஒரு வாட்டி திட்டிடு ஆக்சிலி. வாய்க்கு வந்தாப்பல திட்டிடு,” என்றாள்.

“எதுக்குங்க அண்ணி திட்டறது? நீங்க எனக்காகத்தான கேட்டீங்க.” கழுதையின் முதுகைத் தடவினாள். “குடுத்தது குடுத்ததுதான்.”

அங்கேதான் சிக்கல். நேர்ந்துவிட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கவும் கூடாது, தேடிக்கொண்டு போகவும் கூடாது. கேட்டால் சாமி கொடுத்ததையும் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று ஞானமேரி நம்பினாள். அதைவிட அதிகமாக அத்தை நம்பினாள். லக்கேஜு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்தாலே கேட்டது மாதிரிதான். அதனால் அவள் கேட்கவில்லை. கட்டிவைத்த முளைக்குச்சி கொல்லையில் அப்படியே இருந்தது. அதில் இரண்டு தடவை கால் இடறி விழப்போனாள், பிடுங்கவும் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டே உட்கார்ந்தாள்.

கீமோ ஆரம்பித்தது. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை சேலம். ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. நாய்க்கும் கழுதைக்கும் யார் அட்டை கொடுப்பார்கள்? ஊசி ஏற்றிய பிறகு விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் புளிக்கொட்டை எது, சுண்டுவிரல் எது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வருடம் வியாபாரி மூட்டைகளை வேறு வாசலில் இறக்கினார். ஒருநாள் காதில் கம்மல் இல்லை.

“கம்மல் எங்க அத்த?”

“காது கனக்குதுடி, கழட்டி வெச்சேன்.”

அந்த வாரம் நாய்களுக்குக் குருணை மூட்டை வந்து இறங்கியது. சில்வியா கணக்கில் கெட்டி இல்லைதான். ஆனால் இந்தக் கணக்கு அவளுக்கே புரிந்தது.

அத்தை கேட்கக் கூடாது என்றால் சில்வியா கேட்கலாமே. யாருக்கும் சொல்லாமல் இரண்டு தடவை கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினாள். அந்த ஊரில் டி.வி.எஸ். எக்செல் வைத்திருக்கிறவரைத் தேடுவதைவிட, வைத்திருக்காதவரைத் தேடுவது சுலபம். மூன்று கால் ஆடு, கண்ணாடி போட்டிருக்கும் என்று விசாரித்தாள். அவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று பார்த்தார்கள். இரண்டாம் தடவை கறிக்கடைப் பக்கம் போனாள். கடைக்கு நாலு எட்டு முன்னாலேயே நின்றுவிட்டு, பஸ் ஏறித் திரும்பிவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் போனுக்கு வாட்ஸாப்பில் பதிவு செய்த ஒரு குரல் வந்தது. செம்பருத்திப் பூ படம் போட்ட நம்பர்.

“வணக்கங்க. கம்பைநல்லூருல இருந்து அம்பிகா பேசறனுங்க. அந்தோணியாரு கோயில்ல எங்கூட்டுக்காரரு எடுத்தாந்த மூணு கால் ஆடு உங்களுதுன்னு சொன்னாங்க. சுகமா இருக்குதுங்க. நீங்க கேக்கல, நானாத்தான் சொல்றேன். போன் கீன் போட்டுறாதீங்க, அந்தாளு கத்துவாரு. இதுலயே பேசுங்க.”

அத்தை அதை நாலு தடவை கேட்டாள். அப்புறம் செருப்புக்கூடப் போடாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் ஓடிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“சில்வியா, இந்தப் பொம்பள என்ன சொல்லுதுன்னு கேளு!”

சில்வியா தன் குரலைத் தானே கேட்டாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நெற்றியைச் சுருக்கினாள். “பொயல போடற பொம்பளையாட்டம் இருக்குது. நம்பலாமா?”

“போடி இவளே. நாங்கேக்கல பாத்தியா? அதுவா சொல்லுது.”

அப்பாவின் பழைய போன், அதில் ஒரு பழைய சிம். அவ்வளவுதான் அம்பிகாவின் சொத்து. ஒரு மாதம் ஓட்டிவிட்டு ஆட்டோடு அவளை எங்கேயாவது தூரமாகக் குடிபெயர்த்துவிடலாம் என்பது சில்வியாவின் திட்டம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே பதில் வந்தது.

“அம்மா, அவளத் திருப்பிக் கேக்க மாட்டேங்க. அந்தோணியாரு மேல ஆணையா கேக்க மாட்டேன். நாம் பேசறத மட்டும் அவ காதுகிட்ட வெச்சுப் போடறீங்களா? எடது காது. வலது கொஞ்சம் மந்தம்.”

அதற்கடுத்த குரல் அம்பிகாவுக்கு வந்ததல்ல.

“லக்கேஜு, அம்மாதான்டி. தின்னியா? நாந் தின்னேன். கஞ்சி. வாந்தி எடுக்கல, சும்மா சொல்லல. ஒன் எடத்துல இப்ப பூன வந்து படுக்குது. நான் முடுக்கல. நீ இருந்தா முட்டியிருப்ப.”

சில்வியா அதைப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டாள். மிமிக்ரி செய்கிறவர்களுக்குத் தாங்கள் பேசுவது தெரியும். எதிராளி பேசினால் என்ன செய்வது என்று தெரியாது.

அதிலிருந்து வாரம் இரண்டு, மூன்று. மனிதர்களிடம் சொல்லாததையெல்லாம் அத்தை ஓர் ஆட்டின் இடது காதில் சொன்னாள்.

“இன்னைக்கு நரம்பே கெடைக்கலன்னு நாலு எடத்துல குத்துனாங்க. அண்ணிகிட்ட ஒண்ணுதான்னு சொன்னேன்.”

“முடி பூரா போயிருச்சு. நீ பாத்தா தெரியாது, மோந்துதான் கண்டுபுடிக்கணும்.”

“நாம் போயிட்டா இந்த நாய்ங்களுக்கு யாருடி? சில்வியா இருக்கா. ஆனா அது வெளையாட்டுப் புள்ள.”

இதைக் கேட்ட அன்றைக்கு வெளையாட்டுப் புள்ள கொல்லையைப் பெருக்கி, நாலு நாய்க்கும் உண்ணி எடுத்து, கழுதைக்குக் குளம்பு கழுவிவிட்டு வந்தாள். “என்னாடி, காய்ச்சலா?” என்றாள் அத்தை.

நாலாவது கீமோவுக்கு மூன்று நாள் முன்பு வந்த குரல் ரொம்பச் சின்னது. நாய் ஒன்று குரைப்பது நடுவில் கேட்டது.

“லக்கேஜு, இந்த வாட்டி நாம் போவல. ஒடம்பு தாங்கல. யார்கிட்டயும் சொல்லிராத.”

சில்வியா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பாள். சொல்லாவிட்டால் அத்தை போகமாட்டாள். மறுநாள் காலையில் புகையிலைக் குரலை வரவழைத்துக்கொண்டு கொய்யா மரத்தடியில் நின்றாள்.

“அம்பிகா பேசறனுங்க. நீங்க என்ன சொன்னீங்களோ தெரியல, போட்டுக் காட்டுனதுலருந்து ஆடு ஒரு வாயி தின்னலீங்க. தழையப் போட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் திங்குமாட்டம் இருக்குதுங்க.”

பதிலே வரவில்லை. இரண்டு நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மஞ்சப்பையில் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றாள். “சேலம் பஸ்ஸு ஆறரைக்குத்தான?” என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஆடி பிறந்து கடைசி ஊசியும் முடிந்தது. தலையில் புல் முளைத்தாற்போல் முடி கிளம்பியிருந்தது. இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொன்ன வாரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அத்தை கொல்லையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சில்வியா கால் இழுக்கிற நாய்க்குப் புண் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, அந்த அம்பிகாவுக்கு என்ன வயசு இருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? ஒரு அறுவது.”

“எனக்கென்னமோ பதினேழு இருக்குமாட்டம் தோணுது.”

சில்வியாவின் கை நாயின்மேல் அப்படியே நின்றது. நாய் அவளைத் திரும்பிப் பார்த்தது.

“ஆடு வளக்கற பொம்பள எவளாச்சும் ஆட்டத் திட்டாம இருப்பாளாடி? நாலு மாசமா பேசறா. வேலியத் தாண்டுச்சு, பூச்செடியத் தின்னுச்சு, நாசமாப் போவன்னு ஒரு வாட்டி? சுகமா இருக்குதுங்க, சுகமா இருக்குதுங்கன்னு. கன்னியாஸ்திரி மடத்துல வளர்ற ஆடா அது?”

“எப்பக் கண்டுபுடிச்ச அத்த?”

“ரெண்டாவது வாட்டியே.”

“அப்பறம் எதுக்குப் பேசிக்கிட்டே இருந்த?”

அத்தை மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். “வேற யார்கிட்ட பேசறது? அண்ணிகிட்ட சொன்னா அழுவும். அண்ணங்கிட்ட சொன்னா கடன் வாங்கப் போவாரு. ஆடுன்னு நெனச்சா வாய் வருது.”

“வெளையாட்டுப் புள்ளன்னு சொன்னது?”

“ஒன் காதுல வுழட்டும்னுதான் சொன்னேன். கழுதைக்கெல்லாம் குளம்பு கழுவுனியே.”

சில்வியா மண்ணைப் பார்த்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துப் போனது தான்தான் என்றும், கொம்புக்கு நெயில் பாலிஷ் அடித்துச் சிரிக்கவைத்தது தான்தான் என்றும் சொன்னாள். இரண்டு தடவை கம்பைநல்லூர் போனதைச் சொன்னாள். கறிக்கடை வரைக்கும் போனதைச் சொன்னாள்.

“உள்ள பாத்தியா?”

“இல்ல அத்த. போகல.”

“பாக்காதது நல்லது,” என்றாள் அத்தை. ரொம்ப நேரம் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஒரு டி.வி.எஸ். எக்செல் போனது, புல்லுக்கட்டு வைத்திருந்தான் ஒருத்தன். அது வளைவு திரும்புகிறவரை அத்தையின் முகமும் கூடவே திரும்பியது. “எங்கியோ நிக்கறாள்னே இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் போனாளாமே, அண்ணி சொல்லுச்சு. நாம் பாக்கல பாரு.”

பிறகு மடியிலிருந்த போனை எடுத்துச் சில்வியாவிடம் நீட்டினாள்.

“பேசு. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, அம்பிகா பேசற நாளு.”

“அத்த, அதான் தெரிஞ்சு போச்சே…”

“எனக்குத் தெரிஞ்சா என்ன? பேசு. இந்த வாட்டி ஆட்டுக்காரியாட்டம் பேசு.”

சில்வியா தொண்டையைக் கனைத்தாள். புகையிலைக் குரல் சட்டென்று வந்துவிட்டது.

“வணக்கங்க. அம்பிகா பேசறனுங்க. இந்த எழவெடுத்த ஆட்ட வெச்சிக்கிட்டு என்னால ஆவலீங்க. முருங்கைய மொட்டையடிச்சிருச்சு. கொடியில காயப்போட்ட எங்கூட்டுக்காரரு வேட்டியத் தின்னுருச்சு. மூணு காலுதானேன்னு பாவம் பாத்தா, நாலு காலு ஆடெல்லாம் இதுங்கிட்ட முட்டு வாங்கிக்கிட்டு ஓடுது. நேத்து ரேசன் அரிசிய…”

அத்தை கண்ணை மூடி, தலையை இடது பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சிரிப்பு.

“…நேத்து ரேசன் அரிசியத் தின்னுட்டு, எங்கிட்ட வந்து… தாடைய எடுத்து எந்தோளுமேல…”

குரல் வழுக்கியது. சில்வியா நிறுத்தினாள். மறுபடி கனைத்தாள். புகையிலையும் வரவில்லை, அம்பிகாவும் வரவில்லை. போனில் நொடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அத்தை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“கம்பைநல்லூருல அம்பிகாவுக்குச் சளி புடிச்சிருச்சாட்டம் இருக்குது. கம்முனு போயி மூக்கச் சிந்திட்டு வாடி. மீதிய வந்து திட்டு.”